அத்தை வருகிறார், எதைக் காட்டுவது?

கேள்வி: எடின்பரோவில் ஓராண்டு முதுகலைப் படிப்பில் இருக்கிறேன். ஜூன் மாதம் மதுரையிலிருந்து என் அத்தை பத்து நாள் தங்க வருகிறார். வயது 63. பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு. என் படிப்புச் செலவில் பாதியைக் கொடுத்தவர் அவர்தான். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று 27 இடங்களை எழுதி வைத்திருக்கிறேன். ஆய்வேட்டு வேலையும் தலைக்கு மேல் இருக்கிறது. பத்து நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது? வரும்போது என்ன கொண்டுவரட்டும் என்றும் கேட்கிறார்.
பெயர் வேண்டாம், எடின்பரோ

பதில்: முதலில் அந்தப் பட்டியலில் படி ஏறும் இடங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். ஸ்காட் நினைவுக் கோபுரத்தில் 287 படிகள், அதுவும் குறுகலான சுழல் படிகள். ஆர்தர்ஸ் சீட் 251 மீட்டர் உயரக் குன்று. இரண்டையும் கீழிருந்தே பார்க்கலாம். கீழிருந்து பார்க்கத்தான் அழகு.

நானும் அந்த ஊரில்தான் படித்தேன். 2013இல் என் பெரியப்பா வந்தார். முதல் நாளே கோட்டை, அங்கிருந்து ராயல் மைல் சாலை முழுவதும் நடந்து ஹோலிரூட் அரண்மனை, பிறகு கால்டன் குன்று என்று இழுத்துக்கொண்டு அலைந்தேன். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இரவு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "நாளைக்கும் இதே போலத்தானா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. வந்தவர் யார் என்று யோசிக்காமல் ஊரை மட்டுமே யோசித்திருந்தேன்.

பெரியப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். மண்டபத்தில் இருந்துகொண்டு பாம்பன் பாலத்துக்குப் பராமரிப்பு வேலை செய்த குழுவில் பல வருடம். 1964 டிசம்பர் புயலில் அந்தப் பாலம் சிதைந்தபோது அவருக்கு 19 வயது. அப்படிப்பட்டவரை அழைத்து வந்து அரண்மனை ஜன்னல்களைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திட்டத்தை மாற்றினேன். வேவர்லி நிலையத்தில் ரயில் ஏறினோம். கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் டால்மெனி நிலையம். அதைத் தாண்டியதும் ரயில் ஃபோர்த் பாலத்தின் மேல் ஏறுகிறது. 1890இல் திறந்த பாலம், இரண்டரைக் கிலோமீட்டர் நீளம். சிவப்பு இரும்புக் குழாய்கள் ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து சாய்ந்து போகும். பெரியப்பா ஜன்னலைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். அக்கரையில் நார்த் குயின்ஸ்ஃபெரியில் இறங்கி, சரிவான தெருவில் மெதுவாகக் கரைக்கு நடந்தோம். அங்கே பாலத்தின் கால் வீடுகளுக்குப் பக்கத்திலேயே ஊன்றி நிற்கிறது. கிட்டே போனால் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் ஒவ்வொன்றாகத் தெரியும், வெல்லம் வைக்கும் அச்சில் எடுத்தது போல வரிசை வரிசையாக. பாலம் முழுவதும் 65 லட்சம் ரிவெட் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதற்கு எத்தனை வருடத்துக்கு ஒரு முறை அடிக்கிறார்கள்?"

முடிவே இல்லாத வேலைக்கு "ஃபோர்த் பாலத்துக்குப் பெயின்ட் அடிப்பது" என்றுதான் அந்த நாட்டில் பழமொழி. ஒரு முனையில் முடிக்கும்போது மறுமுனையில் மறுபடி தொடங்க வேண்டியிருக்குமாம். 2011இல் முடித்த பூச்சு மட்டும் மூன்று அடுக்கு. 25 வருடமாவது தாங்கும் என்றார்கள். சொன்னேன். "உப்புக் காற்றிலா?" என்றார். சற்றுப் பொறுத்து மறுபடியும், "உப்புக் காற்றிலா, 25 வருடமா?" பிறகு அரை மணி நேரம் பாம்பனில் இரும்பைச் சுரண்டிச் சுரண்டிப் பூசிய கதையைச் சொன்னார். நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத கதை. பக்கத்தில் நிற்கும் சாலைப் பாலம் 1964 செப்டம்பரில் திறந்தது என்று படித்துக் காட்டினேன். "அந்த டிசம்பரில்தான் எங்கள் பாலம் போனது" என்றார்.

இந்தப் பாலம் எப்படி நிற்கிறது என்பதை விளக்க அந்தக் காலத்துப் பொறியாளர்கள் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து இரு கைகளையும் நீட்டிக் கம்புகளைப் பிடித்திருப்பார்கள். இருபுறமும் ஓரத்தில் செங்கல் பாரம். நடுவில் ஒரு பலகையில், தரையில் கால் படாமல் மூன்றாவது ஆள். அவர் பெயர் கைச்சி வாட்டனபே. ஜப்பானிலிருந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து, அந்தப் பாலத்திலேயே வேலை பார்த்தவர். அந்தப் படத்தைப் பெரியப்பா வெகுநேரம் பார்த்தார். "படிக்க வந்த பிள்ளையை நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள்" என்றார்.

உங்கள் அத்தைக்கு எது அந்தப் பாலம் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதுரைக்காரர், சமூக அறிவியல் ஆசிரியை என்று எழுதியிருப்பதால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் ராம்சே கார்டன் என்று வெள்ளையும் சிவப்புமாக ஒரு வீட்டு வரிசை இருக்கும். அதை எழுப்பி அங்கேயே குடியிருந்தவர் பேட்ரிக் கெடஸ். அந்தப் பழைய நகரின் நெருக்கமான குடியிருப்புகளை மொத்தமாக இடித்துத் தள்ளாமல், வேண்டிய இடத்தில் மட்டும் இடித்து மற்றதைச் சீராக்கியவர். அவர்தான் 1914இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணத்து ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். அவற்றில் மதுரையும் தஞ்சாவூரும் உண்டு. ஆடி வீதி, சித்திரை வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக இருக்கும் ஊரில் வளர்ந்தவருக்கு, அந்த வீட்டின் முன் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் அவர் உங்களுக்குப் பாடம் எடுப்பார். கோட்டை முன்திடல் வரை டாக்ஸியில் போய்விட்டால் அங்கிருந்து சாலை இறக்கம்தான்.

மற்றவை சுருக்கமாக. சேம்பர்ஸ் தெருவில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம்: இலவசம், லிஃப்ட் உண்டு, கழிவறை உண்டு, குளோனிங்கில் பிறந்த டாலி ஆடு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. மழை நாளுக்கு அது. வெயில் நாளுக்குத் தாவரவியல் பூங்கா, அதுவும் இலவசம். மதியம் ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும். 1861 முதல் நடக்கிறது, ஞாயிறு கிடையாது. நம் ஊர் நகராட்சிச் சங்கு மாதிரி என்று சொல்லி, பிரின்ஸஸ் தெருப் பூங்காவில் பெஞ்சில் உட்கார வைத்தே கேட்கச் செய்யலாம். ஒரு நாளுக்கு ஒரு இடம் போதும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆகவே அருங்காட்சியகம், பூங்கா, பீரங்கி போன்ற பகல் நேர இடங்களுக்குப் போகாத நாட்களில் பகலெல்லாம் ஆய்வேட்டைப் பாருங்கள், ஐந்து மணிக்கு மேல் கிளம்புங்கள். அதுவரை அத்தை தூங்கட்டும், அல்லது சமைக்கட்டும். தடுக்காதீர்கள்.

ஒரு நாளை உங்கள் நாளாகவே காட்டுங்கள். இதை நான் தற்செயலாகத்தான் செய்தேன். கடைசி நாளில் பெரியப்பாவை ஜார்ஜ் சதுக்கத்துக்கு அழைத்துப் போய், நூலகத்துக்கு வெளியே நின்று நான் உட்காரும் ஜன்னலைக் கையால் காட்டினேன். கீழிருந்து மாடிகளை எண்ணினார். அரிசி வாங்கும் கடைக்கு வந்தார். விலையைக் கேட்டு மனதுக்குள் ரூபாயாக்கினார். அறையில் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். ஊருக்குப் போய் என் அம்மாவிடம் கோட்டையைப் பற்றி எதுவும் பேசவில்லையாம். ஜன்னல், கடை, ஹீட்டர். பிறகு அந்தப் பெயின்ட்.

கொண்டுவருவது பற்றி: ஜூன்தானே என்று பருத்திப் புடவை மட்டும் எடுத்து வந்துவிடப் போகிறார். காற்று அங்கே எலும்பு வரை போகும். புடவைக்குள் அணியக் கம்பளி உள்ளாடை, சாக்ஸ், பழகிய ஷூ, காதை மூடும் குல்லா. நீங்கள் புது ஷூ வாங்கிக் கொடுக்க வேண்டாம், கடித்துவிடும். பருப்புப்பொடி, அப்பளம், வற்றல், புளி வரட்டும். நெய், பால்கோவா இரண்டும் பால் பொருள், அங்கே கொண்டுபோக அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அத்தை இந்நேரம் வெண்ணெய் உருக்கத் தொடங்கியிருப்பார். இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள்.