கதவுக்குத்தான் காசு

கேள்வி: மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரில் கதவு மேலே திறக்கும் இறக்கைக் கதவு மாடல், கூரை திறந்த ரோட்ஸ்டர் இரண்டில் சேகரிப்பாளர் எதை வாங்குவது? பின்னால் வந்த ரோட்ஸ்டர்தானே தேறிய வண்டி? அப்படியிருக்க, பழையது 135 மில்லியன் யூரோவுக்குப் போனது எப்படி?

பதில்: முதலில் அந்த 135 மில்லியனை இறக்கி வையுங்கள். 2022-ல் அந்த விலைக்குப் போனது 300 எஸ்.எல்.ஆர்.; எட்டு சிலிண்டர் பந்தயக் காருக்குக் கூரை போட்டது, செய்ததே இரண்டுதான். பெயரில் ஓர் 'ஆர்' கூடினால் வண்டியே வேறு.

நீங்கள் கேட்கும் 300 எஸ்.எல். ஆறு சிலிண்டர், 3 லிட்டர். 1954 முதல் 1957 வரை இறக்கைக் கதவோடு 1,400 வண்டிகள் (அதில் 29-க்கு அலுமினிய உடல்; அதன் விலை நம் பேச்சிலேயே இல்லை). அப்புறம் 1963 வரை ரோட்ஸ்டர் 1,858.

ரோட்ஸ்டர் தேறிய வண்டிதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த இறக்கையே அழகுக்கு வைத்ததில்லை. எஃகுக் குழாய்களைப் பின்னிச் செய்த சட்டம் பக்கவாட்டில் உயர்ந்து நின்றதால் சாதாரணக் கதவுக்கு இடமில்லை. வேறு வழியில்லாமல் மேலே திறக்க விட்டார்கள். உள்ளே ஏறுவதே ஒரு வித்தை. ஸ்டீயரிங்கை மடித்து, விளிம்பில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி கீழே இறங்காது, கழற்றித்தான் வைக்கலாம். வெயிலில் இட்லிக் கொப்பரை. வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் முந்திக்கொள்ளப் பார்க்கும். ரோட்ஸ்டரில் சட்டத்தைத் தாழ்த்தினார்கள், பின் ஆக்ஸிலைத் திருத்தினார்கள். 1961-ல் டிஸ்க் பிரேக்கும் வந்தது.

இதெல்லாம் சேகரிப்பாளருக்குத் தெரியாதா? உங்களைவிட நன்றாகத் தெரியும். வருஷத்தில் நாலு நாள் கண்காட்சிப் புல்தரையில் கதவைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போகிற வண்டிக்கு வியர்வை ஒரு கணக்கா?

ஓட்டுகிற ஆசை இருந்தால் டிஸ்க் பிரேக் வந்த பிறகான ரோட்ஸ்டர். பூட்டி வைத்து ரசிப்பதாக இருந்தால் இறக்கை. எதுவானாலும் சட்டத்தின் எண்ணும் எஞ்சின் எண்ணும் தகட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அப்புறம் ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், எஞ்சின் சுற்றி ஓயும்வரை, சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால், குட்டி ஓட்டம் ஓட்டி, ஆயில் மாற்றாமல் போட்டுவைத்த வண்டியாக இருக்கலாம். விற்பவர் கதவைத் தூக்கிக் காட்டும்போது நீங்கள் ஆயில் குச்சியை உருவுங்கள்.