மிஸி அம்மா பதில்கள்: கெட்டிக்காரத் தாதி, தூங்கும் வகுப்பு

கெடா மாநிலம் பீடோங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாதியர் பயிற்றுநர் மிஸி அம்மா (தாதியை இங்கே மிஸி என்பார்கள்) வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார். இம்மாதம் வந்தவற்றில் பெரும்பாலானவை கற்பிப்பவர்களின் கடிதங்கள்.

கேள்வி: மிஸி அம்மா, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் தாதியர் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். வேலை எனக்கு அத்துப்படி. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். தேர்வில் எழுதிவிடுகிறார்கள், வார்டுக்குப் போனால் கை நடுங்குகிறது. ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் பயிற்சிப் பட்டறைக்கும் என்னை அனுப்பினார்கள். சான்றிதழ் வந்தது, வேறு எதுவும் மாறவில்லை. கற்பிக்கும் வரம் எனக்கு இல்லையோ?
– வாசகி, சுங்கை பட்டாணி

பதில்: வரம் என்ற பேச்சை முதலில் விடுங்கள், தங்கச்சி. உங்களை வார்டுக்குள் விட்டபோது ஊசி போடும் வரம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. மூத்த தாதி ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தார், தப்பாகப் பிடித்தால் அங்கேயே திருத்தினார். கற்பிக்க வந்த அன்று மட்டும் வகுப்பறைச் சாவியையும் புரொஜெக்டரையும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நல்ல மருத்துவர், நல்ல மருந்தாளர், நல்ல தாதி என்பதற்காகவே ஒருவரை ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைப்பது இந்தத் துறையின் பழைய வழக்கம்.

உங்கள் கெட்டிக்காரத்தனமே உங்களுக்கு இடைஞ்சல். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செருகுவதை எடுத்துக்கொள்வோம். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை, அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரை அளக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பீர்கள். அது புத்தகத்திலேயே இருக்கிறது. குழாய் தொண்டையைத் தொட்டதும் ஒரு கணம் நிறுத்துகிறீர்கள், நோயாளியின் முகத்தைப் பார்க்கிறீர்கள், அவர் விழுங்கும்போது மட்டும் தள்ளுகிறீர்கள். இதைச் சொல்ல மாட்டீர்கள். ஏனென்றால் அது உங்கள் கைக்குத் தெரியுமே தவிர, நாக்கு மறந்து வெகுநாள் ஆகிறது.

இதற்குப் பெய்ட்டன் என்ற அறுவை மருத்துவர் 1998-இல் எழுதிய நான்கு படிகள் உதவும். முதலில் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவது. அடுத்து ஒவ்வொரு அசைவையும் விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வது. மூன்றாவதில் மாணவி சொல்ல வேண்டும், நீங்கள் செய்ய வேண்டும். கடைசியில் அவளே சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும். அவசரத்தில் எல்லோரும் மூன்றாவதைத்தான் விழுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் உயிர்ப்படி. அவள் வாய் சொல்வதை மட்டும் உங்கள் கை செய்யட்டும். குழாய் இரைப்பைக்குள்தான் போயிருக்கிறதா என்று அறிய, உறிஞ்சி எடுத்த நீரின் பிஎச் (அமில அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்காமலேயே பால் ஊற்றச் சொன்னால், பயிற்சிப் பொம்மையின் குழாயில் சிரிஞ்சைப் பொருத்திக்கொண்டு அப்படியே நில்லுங்கள், திட்ட வேண்டாம். வகுப்பில் யாராவது ஒருத்தி மூச்சை இழுத்துக்கொண்டு "ஐயோ, நுரையீரல்!" என்பாள். அந்த ஐயோவுக்கு உங்கள் முப்பது ஸ்லைடுகளும் ஈடாகாது.

என் அம்மா கித்தா (ரப்பர்) மரம் சீவக் கற்றதும் இந்த வழியில்தான். பழைய மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) ஒருவர் பின்னால் நின்று உளி பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருப்பாராம். வெட்டு இடமிருந்து வலமாகச் சரிய வேண்டும். ஆழம் கூடி உள்தோலில் பட்டால் மரம் புண்ணாகும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். உளி ஆழம் போவதற்கு முன்பே அவர் ஒரு சத்தம் கொடுப்பார். மனுஷன் மரத்தைப் பற்றி ஒரு விரிவுரையும் ஆற்றியதில்லை.

தூக்கத்துக்கு வருவோம். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு பாடத்தை மறுபடியும் படித்தது. இன்னொரு குழு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நம் கல்லூரிகள் ஐந்து நிமிட வெற்றிக்காகத்தான் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையை அணைத்துவிட்டு, வெற்றுத் தாளில் நினைவிருப்பதை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் போடாதீர்கள். பேனா பிடித்த கை தூங்காது.

பட்டறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹோட்டல் குளிரில் கேட்டது உங்கள் வகுப்பறைக்குள் தானாக வந்துவிடாது. சக விரிவுரையாளர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். அவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே, ஒன்றே ஒன்றாக, பேசிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டபின் நீங்கள் எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்பது தொடங்குவதற்கு நல்ல இடம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிதான் பொறுத்தார்கள். மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். வகுப்பு முடிந்ததும் இருவரும் தே தாரிக் குடித்துக்கொண்டு பேசுங்கள். அடுத்த வாரம் அவர் வகுப்பில் நீங்கள் உட்காருங்கள். ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் ஆண்டு மதிப்பீட்டை எழுதும் அதிகாரி அந்தக் கடைசி வரிசைக்கு வரக் கூடாது. வந்தால் நீங்கள் கற்பிக்க மாட்டீர்கள், நடிப்பீர்கள்.

கேள்வி: நான் இயன்முறை மருத்துவர். பயிற்சி மாணவர்கள் என்னுடன் வார்டுக்கு வருகிறார்கள். நோயாளிகளோ வரிசையில் காத்திருக்கிறார்கள். கற்பிக்க நேரம் ஏது?
– வாசகர், கூலிம்

பதில்: நேரம் கிடைக்காது ஐயா, அதை எதிர்பார்க்க வேண்டாம். 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவப் பயிற்றுநர்கள் சிலர் இதே தொல்லைக்கு ஐந்து சின்ன அடிகளைச் சொன்னார்கள். ஒரு நிமிடப் பயிற்றுநர் என்று பெயர். முட்டி மாற்று அறுவை முடிந்து மூன்றாம் நாள், நோயாளிக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவன் உங்கள் முகத்தைப் பார்க்கிறான். பதிலைச் சொல்லிவிடாதீர்கள். "என்ன என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். "தசை வலி" என்பான். "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். இப்போது அவன் தலைக்குள் இருப்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஒரே ஒரு பொது விதி: அறுவைக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கினால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம் என்று நினை, பிடித்துவிடாதே, நடக்க வைக்காதே, மருத்துவரிடம் சொல். அடுத்து, அவன் சரியாகச் செய்ததைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: "இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்த்தாயே, அது நல்ல வேலை." கடைசியில் திருத்தம். திருத்தத்தை நோயாளியின் கட்டிலருகே சத்தமாகச் செய்வது சிலருக்குப் பழக்கம். அந்தப் பையன் அதற்குப் பிறகு ஒரு சந்தேகத்தையும் உங்களிடம் கொண்டுவர மாட்டான். இழப்பு நோயாளிக்குத்தான்.

கேள்வி: கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்துப் பாடம் நடத்தும்படி எங்கள் துறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், குருண்

பதில்: வேண்டாம். 2008-இல் பாஷ்லரும் மூன்று சக உளவியலாளர்களும் இருந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இப்படிப் பிரித்து நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். நுரையீரல் இரைச்சலைக் 'கண்ணால் கற்கும்' பிள்ளை என்ன செய்யும், ஸ்டெதாஸ்கோப்பைப் படம் பிடிக்குமா?

கேள்வி: என் மாணவர்களில் பலர் தோட்டப் பிள்ளைகள், தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். ஆங்கிலத்தில் நான் நடத்துவது அவர்களுக்கு ஏறவில்லை என்று தோன்றுகிறது. இடையிடையே தமிழில் சொன்னால் தப்பா?
– விரிவுரையாளர், பீடோங்

பதில்: நம் ஊர்க்காரரா! தப்பே இல்லை, ஆனால் கணக்காகச் செய்யுங்கள். வகுப்பில் மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் இருந்தால், நீங்கள் தமிழில் சொல்லும்போது அவர்கள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஒரு பிள்ளைக்கு ஏறிவிட்டதா என்று தெரிய வேறு வழி இருக்கிறது. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள ஒரு தோட்டத்துப் பாட்டிக்கு இன்சுலின் பேனாவை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கச் சொல்லுங்கள், அவரவர் வீட்டு மொழியில். ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். புரிந்தவர்களுக்கு வாய் தானாக வரும். விளக்கியபின் "புரிந்ததா?" என்று கேட்க விடாதீர்கள். பாட்டி ஆமாம் என்றுதான் தலையாட்டுவார். "வீட்டுக்குப் போய் மருமகளுக்கு எப்படிச் சொல்வீர்கள் பாட்டி?" என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்களும் மாணவர்களிடம் அதையே கேட்கலாம்.

பாட்டிக்கு எங்கே போவது என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? பயிற்சி பெற்ற ஆளை நோயாளியாக நடிக்க வைத்து மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையை ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். அவர் ஆள் தேடித்தான் பிடித்தார், நமக்கு அந்தக் கஷ்டமில்லை. பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுங்கள், என் தெருவிலேயே நாலைந்து பேர் தயாராக இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது. அவரை முதலில் அனுப்பி வைக்கிறேன்.