பைனாகுலரில் எத்தனை மடங்கு வேண்டும்?

கேள்வி: வார இறுதியில் நண்பர் குடும்பத்தோடு சேர்ந்து ஏரிக்கரை, காடு என்று பறவை பார்க்கப் போகிறோம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. ‘100 மடங்கு’ என்று போட்டிருந்த பைனாகுலரை இணையத்தில் வாங்கினேன். படம் மங்கலாக, பச்சை பூத்த மாதிரி தெரிகிறது. பத்து நிமிடத்தில் தலை வலிக்கிறது. கடையில் விசாரித்தால் 30 மடங்கு ஜூம் உள்ளதை வாங்கச் சொல்கிறார்கள். என் கணவர் கண்ணாடி போடுபவர். எதை வாங்குவது?

பதில்: உங்கள் கையில் இருப்பது 100 மடங்கு பைனாகுலரே இல்லை. வீட்டில் ஒரு ஸ்கேல் இருந்தால் இப்போதே சோதித்துவிடலாம். பைனாகுலரை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடியுங்கள். கண் வைக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். அதன் குறுக்கே ஸ்கேலை வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். முன்னால் இருக்கும் பெரிய லென்ஸின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் உண்மையான மடங்கு ஏறக்குறைய வந்துவிடும்.

உங்களைப் போலவே ஏமாந்த ஒருவர் தன்னுடையதை என்னிடம் கொண்டுவந்தார். மேலே தங்க எழுத்தில் 100 என்று அச்சடித்திருந்தது. முன் லென்ஸ் 22 மி.மீ., பொட்டு 3 மி.மீ. அப்படியென்றால் ஏழு மடங்குதான்! அது நிஜமாகவே 100 மடங்காக இருந்திருந்தால் பொட்டு கால் மில்லிமீட்டர்கூட இருந்திருக்காது; பட்டப்பகலிலும் இருட்டைத்தான் பார்த்திருப்பார். பகலில் நம் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குத் திறந்திருக்கும். மங்கிய வெளிச்சத்தில் இன்னும் விரியும். அதை நிரப்பும் அளவுக்காவது பொட்டு இருந்தால்தான் படம் பளிச்சென்று தெரியும்.

தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்திச் சரிபார்க்கிறோம். பைனாகுலரின் மேல் அச்சடித்த எண்ணை விற்பனைக்கு வருமுன் யாரும் அளந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் எந்த எண்ணை வேண்டுமானாலும் போட்டு விற்கிறார்கள். புகார் கொடுத்தால் “பொருளைத் திருப்பி அனுப்புங்கள்” என்பதோடு முடிந்துவிடுகிறது. அதே பொருள் அதே எண்ணோடு அடுத்தவர் வீட்டுக்குப் போகிறது. பல வருடமாக இதையே பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ‘சிறந்த பத்து பைனாகுலர்’ என்று வரும் பட்டியல்களையும் நம்பி வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில், நீங்கள் அந்தச் சுட்டியை அழுத்தி வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் போகும்.

படம் பச்சை பூத்த மாதிரி தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். முன் லென்ஸ் மாணிக்கக்கல் மாதிரி சிவப்பாக மின்னுகிறதா? பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பூச்சு சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மிச்சம்தான் உங்கள் கண்ணுக்கு வருகிறது. சிவப்பு லென்ஸைக் கண்டால் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சரி, வாங்க வேண்டியது 8×32 அல்லது 8×42. முதல் எண் மடங்கு, இரண்டாவது முன் லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். விடியற்காலையிலும் மரநிழலிலும் நிறையப் பார்ப்பீர்கள் என்றால் 42. பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள் என்றால் எடை குறைந்த 32. மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் அத்தனை மடங்காகத் தெரியும், பார்வைக்குள் அடங்கும் இடமும் சுருங்கும். 1000 மீட்டர் தொலைவில் நல்ல 8×42 ஏறத்தாழ 130 மீட்டர் அகலத்தைக் காட்டும். பல ஜூம் மாடல்கள் 10 மடங்கில் காட்டுவது 65 மீட்டர் அளவுதான். கிளைக்குக் கிளை தாவும் குருவியை அதற்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். 30 மடங்குக்குத் திருப்பினால் கையில் நிற்கவே நிற்காது. ஜூம் பைனாகுலர் வேண்டவே வேண்டாம்.

உங்கள் கணவரின் விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். அவருடைய கண்ணாடிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சிலிண்டர் பவர் என்ற கட்டம் காலியாகவோ மிகக் குறைவாகவோ இருந்து, வெறும் கிட்டப்பார்வை அல்லது தூரப்பார்வை மட்டும் இருந்தால், கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். ஃபோகஸ் சக்கரம் அந்தப் பவரைச் சரிக்கட்டிவிடும். பவர் மிக அதிகமாக இருந்தால் மட்டும் சக்கரம் எட்டாமல் போகும். சிலிண்டர் பவர் கணிசமாக இருந்தால் எந்தச் சக்கரமும் அதைச் சரிசெய்யாது, கண்ணாடி போட்டேதான் பார்க்க வேண்டும். அப்போது கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே கண்ணாடி வந்து உட்கார இடம் வேண்டுமல்லவா? அந்த இடைவெளி 16 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும் மாடலாகக் கேளுங்கள். கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டத்தின் ஓரம் முழுதாகத் தெரிந்தால் சரி. நடுப்பகுதி மட்டும் தெரிந்தால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அது அவருக்கு ஆகாது. கண்ணாடி போட்டுப் பார்ப்பதாக இருந்தால் போட்டுக்கொண்டே கடைக்கு அழைத்துப் போங்கள்.

மகனுக்கு வேறு ஒரு சிக்கல். பல பைனாகுலர்களின் இரண்டு குழல்களையும் 56 மி.மீ. இடைவெளிக்குக் கீழே நெருக்க முடியாது. 9 வயதில் சில பிள்ளைகளின் கண்களுக்கு இடையே அந்தத் தூரம்கூட இருக்காது. முழுசாக மடக்கியும் அவனுக்கு ஒரே வட்டமாகச் சேரவில்லை என்றால் இன்னும் நெருக்கமாக மடங்கும் சிறிய மாடலைப் பாருங்கள். ஆளுக்கொன்று மட்டமானதாக வாங்குவதைவிட, நல்லதாக ஒன்றிரண்டு வாங்கிக் கைமாற்றிக்கொள்வது மேல். கைமாறும்போது அவரவர் கண்ணுக்கு மடக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு கண்ணுக்கும் உள்ள பவர் வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டயாப்டர் வளையத்தையும் (பெரும்பாலும் வலது கண் பக்கம் இருக்கும்) திருப்பிக்கொள்ள வேண்டும். நேற்று இன்னொருவர் வைத்த அளவில் பார்த்துவிட்டுத்தான் பலர் பைனாகுலரைக் குறை சொல்கிறார்கள். பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது, சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது என்பது. ஒரு நொடியில் பார்வை போய்விடலாம்.

உங்கள் தலைவலிக்குப் பெரும்பாலும் காரணம், அந்தப் பழையதன் இரண்டு குழல்களும் ஒரே நேரில் இல்லாததுதான். இரண்டு படத்தையும் சேர்க்கக் கண் ஓயாமல் இழுபடுகிறது. அதைப் பழுதுபார்க்கச் செலவழிக்காதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டதென்றால் ஒரு பக்கத்தை மூடி போட்டு அடைத்துவிடுங்கள். ஒற்றைக் குழலாகப் பார்க்கும்போது அந்த இழுபறி இருக்காது.