இரத்மலானைக்கு வந்த டாட்டா விமானம் அரசுடைமையான கதை

"ஏர் சிலோனுக்கு முதலே கொழும்புக்கு ஒரு இந்தியக் கொம்பனி விமானம் ஓட்டினதாமே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது டாட்டா. 1932 ஒக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தானே ஓட்டிவந்தது ஒற்றை எஞ்சின் 'புஸ் மொத்' விமானம். சுமை, தபால் மூட்டைதான். வழியில் அகமதாபாத்தில் இறங்கியபோது பெற்றோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்தன! பம்பாயிலிருந்து சென்னைக்கு அவரின் கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் ஓட்டினார். கொழும்புச் சேவை 1938இல் சேர்ந்தது. விமானம் இறங்கிய இடம், இப்போது காலி வீதி பஸ்ஸில் தாண்டிப்போகிறோமே, அதே இரத்மலானைதான்.

1946இல் கொம்பனியின் பெயர் ஏர் இந்தியா ஆனது. 1948இல் சர்வதேசப் பிரிவில் இந்திய அரசு 49 வீதப் பங்கு எடுத்தது. 1953இல் முழுவதும் அரசுக்கு. உள்நாட்டுக் கொம்பனிகள் எட்டும் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தன. ஜே. ஆர். டி. டாட்டாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் ஏர் இந்தியாவின் தலைவராக அவரையே வைத்தார்கள். அரசுடைமையாக்கலில் இப்படி நடப்பது அபூர்வம் என்பேன்.

நம்ம ஏர் சிலோனோ தொடக்கத்திலேயே அரசினது. 1947 டிசம்பர் 10இல் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு அதன் முதல் டகோட்டா விமானம் கிளம்பியது.

டாட்டா குழுமத்துக்கு ஏர் இந்தியா திரும்பக் கிடைத்தது 2022 ஜனவரியில்.