இலங்கையில் தாதியாக இருந்துகொண்டு அக்யூட் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் ஆக முடியுமா?

கேட்டவர் நுவரெலியா மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில் வேலை செய்யும் தாதி. மூன்று வருட டிப்ளோமா முடித்தவர், மெடிக்கல் வோர்ட்டில் இருக்கிறார். பெரியவர்களின் அவசர, தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆக என்ன படிக்க வேண்டும், அதை இங்கேயே படிக்கலாமா என்கிறார். நானும் மலையகத்தில் ஐ.சி.யு.வில் வேலை செய்யும் தாதிதான்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் மேற்படிப்பு படித்து, நோயைத் தானே நிர்ணயித்து மருந்தும் எழுதும் தாதி. இங்கே அப்படியொரு பதவி இல்லை. நோயை நிர்ணயித்து மருந்து எழுதும் அதிகாரம் தாதிக்குக் கிடையாது. அதற்காக இந்த யோசனை நமக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. ஏ.எம்.ஓ. எனப்படும் உதவி வைத்திய உத்தியோகத்தர்மாரும் தோட்டத்து டிஸ்பென்சரியில் நாம் 'டொக்டரையா' என்று கூப்பிட்டவர்களும் எம்.பி.பி.எஸ். இல்லாமல்தான் நம் தாத்தா பாட்டிகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் இது 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து தொடங்கினார்கள். அப்போது அது பிள்ளைகளைப் பார்க்கும் கிளினிக் வேலைக்கானது. ஆஸ்பத்திரிக்குள் கடுமையாக நோயுற்ற பெரியவர்களைப் பார்க்கும் பிரிவுக்கு 90களில்தான் தனிப் பரீட்சை வந்தது. இன்று அதற்கு மாஸ்டர்ஸ் அல்லது டொக்டரேட் வேண்டும். நோய்க்கூற்றியல், உடற்பரிசோதனை, மருந்தியல் மூன்றையும் உயர்மட்டத்தில் படித்து, மேற்பார்வையில் நூற்றுக்கணக்கான மணித்தியாலம் நோயாளிகளோடு பயிற்சி எடுத்து, தேசியப் பரீட்சை எழுதி, அதன் பிறகு மாநில லைசன்ஸ் எடுக்க வேண்டும்.

இந்தப் படிப்பு எதைப் பழக்குகிறது என்பதைப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த கேஸ் ஒன்றையே எடுங்கள். மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவிக்கூடு கலைந்து, ஓர் அம்மாவைத் தோட்டத்து லொறியில் போட்டு ஈ.டி.யு.வுக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) கொண்டுவருகிறார்கள். முகம் வீங்கி, மூச்சில் விசில் சத்தம், பிரஷர் 80க்கு 50. நாம் படுக்க வைத்து, கால்களை உயர்த்தி, ஒக்சிஜன் போட்டு, நரம்பில் கெனுலா ஏற்றி, அட்ரினலினைக் கையில் எடுத்துக்கொண்டு டொக்டரைக் கூப்பிடுவோம். அந்த இடத்தில் நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர் இருந்தால், இது அனபிலாக்சிஸ், அதாவது உயிராபத்தான ஒவ்வாமை என்று தானே முடிவெடுத்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம் போட்டு, ஐந்து நிமிடத்தில் தேறவில்லையென்றால் மறுபடி போட்டு, சேலைனை ஓட விடுவார். அதெல்லாம் சின்ன வித்தியாசம். பெரிய வித்தியாசம், பிரஷர் ஏறி அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்ட பிறகுதான் தெரியும். நூற்றுக்கணக்கில் கொட்டியிருந்தால் விஷம் தசையை உடைக்கும், அடுத்த ஓரிரு நாளில் சிறுநீரகம் மாட்டிக்கொள்ளும். சலம் கோலா நிறத்தில் போகிறதா, எவ்வளவு போகிறது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் ஏறுகிறதா, டயாலிசிஸ் உள்ள இடத்துக்கு இப்போதே அனுப்பலாமா, வழியில் மண் சரிந்து பாதை மூடியிருந்தால் என்ன செய்வது? இப்படி நாலு அடி முன்னால் யோசிக்கப் பழக்குவதுதான் அந்தப் படிப்பு. பெரிய நாளத்தில் சென்ட்ரல் லைன் போடுவது, மூச்சுக்குழாயில் டியூப் போடுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் டிகிரி. திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டம் வேலையில் இருந்துகொண்டே படிக்கக்கூடியது, டிப்ளோமா முடித்தவர்களுக்கு அதுதான் கைக்கெட்டிய வழி. கூடவே ஐ.சி.யு.வுக்கு மாற்றம் கேளுங்கள். எத்தனை வருஷம் மெடிக்கல் வோர்ட்டில் இருந்தாலும் வென்டிலேட்டர் பக்கத்தில் நின்ற அனுபவம் வராது.

அமெரிக்காதான் இலக்கு என்றால் அங்கே முதலில் சாதாரணத் தாதியாக வேண்டும். அதற்கு என்கிளெக்ஸ் பரீட்சை. மாஸ்டர்ஸ் எல்லாம் பிறகுதான். கண்டியில் ஓர் ஏஜென்சி, ஆறு மாத ஒன்லைன் கோர்ஸ் முடித்தால் நேரே நர்ஸ் பிராக்டிஷனர் வேலை என்று என்னிடமே சொன்னது. வீட்டு நகையை அடகு வைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் இதற்குச் சமமான வேலை அட்வான்ஸ்ட் கிரிட்டிக்கல் கேர் பிராக்டிஷனர். இந்தியாவில் நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தின் கீழ் கிரிட்டிக்கல் கேரில் இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இருக்கிறது. அந்தப் பாடத்திட்டத்தை எடுத்து வாசியுங்கள். அமெரிக்கப் புத்தகங்களைவிட நம் வோர்ட்டுக்கு அதுதான் நெருக்கம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் எங்கே படித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் இங்கே நீங்கள் தாதிய உத்தியோகத்தர்தான், அந்தப் படிப்புக்கென்று தனி அதிகாரம் கிடைக்காது. அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

படிப்பு தொடங்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ்-2 என்ற எச்சரிக்கைப் புள்ளி அட்டவணை, லண்டன் ரோயல் கொலேஜ் ஒஃப் ஃபிசீஷியன்ஸ் 2017இல் திருத்தி வெளியிட்டது, இலவசம். அதில் மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் போனால் அது ஒன்றுக்கே 3 புள்ளி, டொக்டரைக் கூப்பிட அதுவே போதும். நம் டிக்கட்டுகளில் (நோயாளியின் கட்டில் பதிவேடு) எல்லா நோயாளியும் 20 தடவைதான் மூச்சு விடுகிறார்கள், உங்களுக்கும் தெரியும்! அடுத்த நைட் டியூட்டியில் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணி எழுதுங்கள். கூடிய எண்ணிக்கை வந்தால், ஏன் கூடியது என்று டொக்டர் வருமுன் நீங்களே ஒரு காரணம் யோசித்து வையுங்கள், பிறகு அவர் எழுதுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.