வாசகர் கேள்வி: புல்வெளியில் பூச்சிக் கணக்கு

கேள்வி: எங்கள் குழு ஒரு வருடமாகப் புல்வெளியில் பூச்சிகளைப் படமெடுத்து, உயிரினப் படங்களைப் பகிர்ந்து இனம் கண்டறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றி வருகிறது. ஆனால் அதை வைத்துப் பூச்சிகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று சொல்ல முடியவில்லையே?

பதில்: கண்ணில் பட்டதை எடுத்த படங்கள், இந்த இடத்தில் இந்தப் பூச்சி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பத்துப் பேர் படமெடுத்த வாரத்தில் பட்டியல் நீளும்; ஒருவர் மட்டும் எடுத்த வாரத்தில் சுருங்கும். எண்ணிக்கை வேண்டுமானால் ஒரே பாதையில், ஒரே வேகத்தில், வாரம் ஒருமுறை நடங்கள். இரு பக்கமும் 2.5 மீட்டர், முன்னே 5 மீட்டர். அதற்குள் வரும் வண்ணத்துப்பூச்சிகளை மட்டும் எண்ணுங்கள். எல்லைக்கு வெளியே எவ்வளவு அபூர்வமானது பறந்தாலும் கணக்கில் சேராது. புதியவர்களுக்கு இதில்தான் மனசு கேட்காது. பிரிட்டனில் 1976 முதல் தன்னார்வலர்கள் இப்படித்தான் எண்ணி வருகிறார்கள். பலத்த காற்றும் மழையும் உள்ள நாளில் போகாதீர்கள். பாதையில் எதுவும் வராத பகுதிக்குப் பூஜ்யம் போடுங்கள். வெறுமனே விட்டால், பூச்சி இல்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்பது பின்னால் யாருக்கும் விளங்காது.

கேள்வி: படம் ஏற்றியும் பாதிக்கு மேல் இனப்பெயர் கிடைப்பதில்லை.

பதில்: மேலிருந்து ஒரே ஒரு படம் போதாது. வெட்டுக்கிளியைப் பக்கவாட்டில் எடுங்கள். தலைக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள தகடும் பின்னங்கால் தொடையும் தெளிவாகத் தெரிய வேண்டும். தேனீக்கு முகம், இறக்கை நரம்பு, பின்னங்கால். வண்ணத்துப்பூச்சிக்கு இறக்கையின் இரு புறமும். இவ்வளவு எடுத்தும் பல ஈக்களுக்கு இனப்பெயர் வராது, அவை சேர்ந்த பெரிய தொகுதியான குடும்பத்தின் பெயரோடு நிற்க வேண்டியதுதான். ஊகித்துப் பெயர் வைப்பதைவிட அது மேல்.

கேள்வி: புல்லை எப்போது, எப்படி வெட்டுவது?

பதில்: பூக்கள் விதை விட்ட பிறகு வெட்டுங்கள். மொத்தமாக ஒரே நாளில் மட்டும் வேண்டாம். தண்டிலும் இலையிலும் முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் ஒட்டியிருக்கும். எல்லாம் ஒரே வெட்டில் போய்விடும். நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கையாவது அந்த ஆண்டு தொடாமல் விடுங்கள். அடுத்த ஆண்டு வேறு பங்கு. நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெட்டினால் பூச்சிகள் தப்பியோட வழி கிடைக்கும். 8 முதல் 10 செ.மீ. உயரம் நிற்கட்டும்.

வெட்டிய புல் இரண்டு மூன்று நாள் அங்கேயே காயட்டும். விதை உதிரும், உள்ளே இருக்கும் பூச்சிகள் வெளியேறும். பிறகு வாரி அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். பலர் சோம்பல்படுவது இங்கேதான். மட்கவிட்டால் மண்ணில் சத்து ஏறி, முரட்டுப் புல் ஓங்கி, சிறு பூச்செடிகளை அமுக்கிவிடும். அதனால் உரமும் போடாதீர்கள். நடுநடுவே தெரியும் வெற்று மண்ணையும் மூட வேண்டாம், கூட்டமாக வாழாத தனித்தேனீக்கள் பல அதில்தான் வளை தோண்டுகின்றன.