மீன் போன இடத்தில் எதை வைப்பது? தானியேல் உபவாசம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தவக்காலம் கிட்ட வருகிறது. இம்முறை வந்த கடிதங்களில் பல, முதல் தடவையாகத் தானியேல் உபவாசம் (வேதாகமத்துத் தானியேலைப் பின்பற்றி, மீன், இறைச்சி, முட்டை, பால் விட்டு மரக்கறி மட்டும் உண்பது) இருக்கப் போகிறவர்களுடையவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஏழு கேள்விகளைத் தெரிந்தெடுத்திருக்கிறோம்.

எங்கள் சபையில் 21 நாள் தானியேல் உபவாசம் அறிவித்திருக்கிறார்கள். ஒத்திகை போல மூன்று நாள் இருந்து பார்த்தேன். சோறு, கீரை, சொதி என்று ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் தலை சுற்றி, கை கால் சோர்ந்து போனது. எங்கே பிழை?
– வாசகி, உவர்மலை

பிழை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: சோறு, கீரை, சொதி. மீன், முட்டை, பால்மா மூன்றையும் எடுத்தீர்கள். எடுத்த இடத்தைச் சும்மா விட்டுவிட்டீர்கள். 100 கிராம் மீன் துண்டில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. கீரை வறை எத்தனை கரண்டி போட்டாலும் அது ஈடாகாது; சொதியில் இருப்பது தேங்காய்க் கொழுப்பும் தண்ணீரும்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் விழுவது பெரும்பாலும் இந்தக் குழியில்தான். விழுந்துவிட்டு, "உபவாசம் எனக்கு ஒத்துவராது" என்று பழியை உபவாசத்தின் தலையில் போட்டுவிடுகிறார்கள். வேதாகமத்தில் தானியேல் புத்தகத்தின் முதலாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் தானியேலும் அவருடைய தோழர்களும் கேட்ட மரக்கறி உணவில் பருப்புத்தான் முன்னுக்கு நிற்கிறது.

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம் புரதம் வேண்டும். வேளைக்கு 50 கிராம் என்று நாளைக்கு 150 கிராம் பருப்பு வகை (அவிக்க முன் நிறை) சாப்பிட்டால் 35 கிராம் வந்துவிடும். 50 கிராம் என்பது உங்கள் கையால் நிறைய அள்ளிய ஒரு பிடி. மிச்சத்தைச் சோறும் குரக்கனும் கச்சானும் கொடுத்துவிடும்.

ஒரு நாளை இப்படி அமைக்கலாம். காலையில் 100 கிராம் குரக்கன் மாவில் பிட்டு, அதோடு அவித்த பயறு, ஒரு வாழைப்பழம். மத்தியானம் 150 கிராம் சிவப்பு நாட்டரிசியில் ஆக்கிய சோறு, பருப்புக் கறி, முருங்கையிலை அல்லது பொன்னாங்காணி வறை, கத்தரிக்காயோ பூசணிக்காயோ ஒரு கறி. பின்னேரம் ஒரு சிறு பிடி வறுத்த கச்சான், 30 கிராம் போதும். இரவில் தேங்காய்ப்பூ போட்டுத் தாளித்த கடலை அல்லது கௌபி. பசித்தால் அதோடு இரண்டு ஆட்டா ரொட்டி. தண்ணீர் இரண்டரை லீட்டருக்குக் குறையக் கூடாது. பங்குனி வெயிலில் வெளியில் நிற்கிறவர்களுக்கு மூன்று. வியர்வையோடு உப்பும் போகிறது. ஆகவே உபவாசம் என்று உப்பையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள்; தலைசுற்றலுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு ஆளுக்கு ஒரு வாரச் சாமான்: மைசூர்ப் பருப்பு, பயறு, கடலை மூன்றிலும் தலா 350 கிராம், அரிசி ஒரு கிலோ, குரக்கன் மா 700 கிராம், கச்சான் 200 கிராம், தேங்காய் மூன்று. கீரையை மட்டும் அன்றன்றைக்கு வாங்குங்கள்.

பருப்புக் கறியை நாளாந்தம் வைக்கப் போவதால் அதை மட்டும் விரித்துச் சொல்கிறோம். பருப்பை மூன்று தண்ணீரில் கழுவி, அதன் அளவைப் போல மூன்று மடங்கு தண்ணீர், அரைத் தேக்கரண்டி மஞ்சள், இரண்டு பல் உள்ளி, கீறிய பச்சை மிளகாய் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். முதல் கொதியில் வெள்ளை நுரை பொங்கும். மூடி போட்டிருந்தால் அப்படியே வழிந்து அடுப்பை மெழுகிவிடும். மூடாமல் வைத்து, நுரையைக் கரண்டியால் வழித்தெடுத்து, நெருப்பைக் குறையுங்கள். 15, 20 நிமிடத்தில் பருப்பு மலர்ந்துவிடும். உப்பும் தேங்காய் முதற்பாலும் அப்போதுதான். பால் விட்டு ஒரு கொதி எழும்பியதும் இறக்கிவிடுங்கள். நின்று கொதித்தால் பால் திரையும். இறக்கிச் சூடு சற்றுத் தணிந்த பிறகு அரைத் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். அந்தப் புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதற்கும்தான்.

கடலையை இரவு முழுக்க ஊறப்போட்டும் கல்லு மாதிரிக் கிடக்கிறது. சாப்பிட்டால் வயிறு ஊதிக்கொள்கிறது. ஜெபத்தில் முழங்காலில் நிற்கவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், அன்புவழிபுரம்

கடலை அவியாமல் போக மூன்று காரணங்கள் உண்டு. பழைய கடலை ஒன்று. கடையில் வாங்கும்போதே நிறம் மங்கி, தோல் சுருங்கிக் கிடந்தால் விட்டுவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் இரண்டாவது. உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுகிறதென்றால் தண்ணீரில் கல்சியம் கூட. அது கடலையின் தோலை இறுக்கிப் பிடித்துவிடும். குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டு அவியுங்கள். அதுவும் இல்லையென்றால் 250 கிராம் கடலைக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா. அதற்கு மேல் போட்டால் சவர்க்கார வாடை வரும், உயிர்ச்சத்தும் கெடும். மூன்றாவது புளி. தக்காளி, பழப்புளி எதுவானாலும் கடலை அவிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

ஊறும் நேரம் பத்து மணித்தியாலம். நம்மூர் வெக்கையில் அதைத் தாண்டினால் மேலே நுரை கட்டிப் புளித்த மணம் வரும். இரவு எட்டு மணிக்குப் போட்டு, படுக்கப் போகும்போது ஒருமுறை தண்ணீர் மாற்றிவிடுங்கள். குக்கரில் ஐந்து விசில். ஒரு கடலையை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினால் நடுவில் கரடு இல்லாமல் மசிய வேண்டும்.

வயிறு ஊதுவதற்குக் காரணம், கடலையில் உள்ள சில சீனி வகைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிப்பது. அவை ஓரளவு ஊறிய தண்ணீரில் கரையும். ஆகவே அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். முதல் நாலு நாளும் கடலைப் பக்கம் போகாமல் மைசூர்ப் பருப்பு, பயறு இரண்டோடு நின்று, பிறகு கௌபி, கடைசியாகக் கடலை என்று ஏறுங்கள். இஞ்சி, பெருங்காயம், பெருஞ்சீரகம் போடுவது நல்ல வழக்கம்தான். ஆனால் ஊறிய தண்ணீரை ஊற்றாமல் பெருங்காயத்தை மட்டும் நம்பியிருப்பது வீண்.

நாங்கள் கத்தோலிக்கர். பக்கத்து வீட்டு அக்காவின் சபையில் 21 நாளும் மீன், பால், தேத்தண்ணீர் எல்லாம் விடுகிறார்கள். நானும் அவவோடு சேரலாமா?
– வாசகி, பாலையூற்று

சேரலாம். இரண்டையும் குழப்பாமல் இருந்தால் போதும். உங்களுக்கு ஒருசந்தியும் (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) சுத்தபோசனமும் சேர்ந்து கட்டாயமான நாட்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்: 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது வரைக்கும் ஒருசந்தி, 14 வயதிலிருந்து சுத்தபோசனம். சுத்தபோசனத்தில் விலக்கு இறைச்சிக்குத்தான், மீனுக்கு அல்ல. தானியேல் உபவாசம் திருச்சபைச் சட்டம் இல்லை, விரும்பி எடுக்கும் ஒறுத்தல். பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள்.

21 என்ற எண் தானியேல் புத்தகத்தின் பத்தாம் அதிகாரத்தில் வரும் மூன்று வாரத்திலிருந்து வருவது. முதலாம் அதிகாரத்தில் பத்து நாள்தான். முதல் தடவை என்றால் அந்தப் பத்து நாளையே எடுக்கும்படி சொல்வோம். பத்து நாளை ஒழுங்காக முடிப்பது, 21 நாளைத் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் கொத்துரொட்டிக் கடையில் முடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

தோசை சாப்பிடலாமா? புளித்த மா என்று ஒருவர் தடுக்கிறார்.
– வாசகர், நிலாவெளி

பத்தாம் அதிகாரத்தில் ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம் என்றுதான் இருக்கிறது, புளிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. ஈஸ்ட் போட்ட பாண், பணிஸ் வேண்டாம் என்பது பிற்கால வழக்கம். உங்கள் சபை அதைக் கடைப்பிடித்தால் தோசை, அப்பத்துக்குப் பதில் இடியப்பம், பிட்டு, ரொட்டி இருக்கிறது. ஒரு கஷ்டமும் இல்லை. எதுவானாலும் தொடங்க முதலே முடிவெடுத்து ஒரு தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பசி வந்த பிறகு எடுக்கும் முடிவுகள் எல்லாம் வயிற்றின் பக்கமே சாயும்.

அம்மாவுக்கு 62 வயது. சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறா. தானும் உபவாசம் இருக்கப் போவதாகப் பிடிவாதம். என்ன சாப்பாடு கொடுக்கலாம்?
– வாசகி, மூதூர்

சாப்பாட்டுக்கு முதல் கிளினிக். எந்த மாத்திரை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்றவை அல்லது இன்சுலின் எடுப்பவர் மாச்சத்தைத் திடீரென்று குறைத்தாலோ ஒரு வேளையை விட்டாலோ சீனி கீழே விழும். மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாகக் குறைக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

மருத்துவர் சம்மதித்தால் மூன்று வேளையும் நேரம் தவறாமல் சாப்பாடு, ஒவ்வொரு வேளையிலும் பருப்பு. குரக்கன் மருந்து அல்ல, அதுவும் மாச்சத்துத்தான். "குரக்கன்தானே" என்று இரண்டு மடங்கு பிட்டு வைப்பதும், சீனிக்குப் பதில் பேரீச்சம்பழமும் வாழைப்பழமுமாகக் கொடுப்பதும்தான் வழக்கமான பிசகு. கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணித்தியாலத்தில் தேறாவிட்டால் திரும்பவும் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிதான். உபவாசம் முறிந்துவிடும் என்று சீனித் தண்ணீரைத் தள்ளி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

சிறுநீரக வருத்தக்காரருக்குப் பருப்பும் கீரையும் கூடினால் பொட்டாசியம் ஏறும். இரத்தம் உறையாமல் வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று நாளும் கீரை சாப்பிட்டால் மருந்தின் வேலை குறையும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், பிள்ளைகள் இந்த உபவாசத்துக்கு வேண்டாம். அம்மா கேட்காவிட்டால், 62 வயதில் திருச்சபையே ஒருசந்தியைக் கட்டாயமாக்கவில்லை என்பதைச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். நான் மட்டும் உபவாசம். ஒரே அடுப்பில் மீனும் மரக்கறியும் எப்படிச் சமைப்பது? கடையில் வாங்கும் சாப்பாட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, சாம்பல்தீவு

இரண்டு குழம்பு வைக்கத் தேவையில்லை. கத்தரிக்காய், வெண்டிக்காய் போட்டுப் புளி விட்டுக் குழம்பைக் கூட்டுங்கள். காய் அவிந்ததும் உங்கள் பங்கை வேறு சட்டியில் எடுத்து மூடிவிட்டு, மிச்சத்தில் மீனைப் போட்டு இறக்குங்கள். அகப்பை இரண்டு வேண்டும். மீன் பொரித்த எண்ணெயில் உங்கள் அப்பளத்தைப் பொரிக்காதீர்கள்.

கடைச் சாப்பாட்டில் முதல் எதிரி மாசி, அதாவது மாசிக் கருவாடு. சம்பல், சீனிச்சம்பல், சில இடங்களில் பருப்புக் கறியில்கூட மாசி விழும். மரக்கறிச் சாப்பாடு என்று எழுதியிருந்தாலும் வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டில் மாசியில்லாச் சம்பலுக்கு, ஒரு மேசைக்கரண்டி உழுந்தைச் சிவக்க வறுத்துச் செத்தல் மிளகாயோடு முதலில் இடித்து, பிறகு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், உப்பு சேர்த்து இடித்தால் அந்த வெறுமை தெரியாது. பாணிலும் விசுக்கோத்திலும் சீனியும் பால்மாவும் இருக்கலாம். திரிபோஷாச் சத்துமாவில் பால்மா உண்டு. சோயாமீற் பைகளின் பின்பக்கத்தை வாசித்து வாங்குங்கள்.

தேத்தண்ணீரை விட்ட இரண்டாம் நாள் தலை வெடிக்கிறது. 22ஆம் நாள் எப்படித் தொடங்குவது?
– வாசகர், குச்சவெளி

அது தேயிலையில் உள்ள கஃபேன் உடம்பில் குறையும்போது வரும் தலையிடி. விட்டு 12 முதல் 24 மணித்தியாலத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். உபவாசத்துக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வந்தால் இந்தப் பாடு இல்லை. இப்போது நடுவில் நிற்கிறீர்கள் என்றால், சபையில் கேட்டுவிட்டு அரைக் கோப்பை பிளேன் டீயோடு இறங்குங்கள். சாப்பாட்டோடு அல்ல, ஒரு மணித்தியாலம் தள்ளி. பிறகு மல்லித் தண்ணீர்.

22ஆம் நாள் மத்தியானமே ஆட்டுப் பிரியாணியில் இறங்கினால் இரவு முழுக்க நெஞ்செரிவோடு இருக்க வேண்டியதுதான். மூன்று வாரமாகக் கொழுப்புக் குறைவாகப் பழகிய வயிறு அது. முதல் நாள் சின்ன மீன் போட்ட சொதி, அடுத்த நாள் முட்டையோ தயிரோ, இறைச்சி மூன்றாம் நாளுக்குப் பிறகு. அவித்து உறைய வைத்த கடலை மிஞ்சியிருந்தால் அந்த நாட்களிலேயே சுண்டலாக்கி முடித்துவிடுங்கள்.